கவலை வேண்டாம்

மே 4, 2024, சனி

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. காலை பத்து மணிக்கே ஆலங்குடித் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வியாழக்கிழமை புதுக்கோட்டையில் என் மனைவிக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "சிவப்பு இவ்வளவு சிவப்பாவா இருக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை நாளும் எல்லாவற்றையும் மங்கலாக, பழுப்பாகத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

முதல் வாரம் நாளுக்கு ஆறு வேளை சொட்டு மருந்து. அப்புறம் வாரத்துக்கு ஒரு வேளை குறைக்க வேண்டும். குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கடைசியில் சொன்னதற்குத்தான் அவள் முகம் சுண்டியது. சமையல் நான், எடுபிடி வேலைக்குப் பேத்தி என்று ஆயிற்று. பேத்தி நாலாம் வகுப்பு முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறாள். வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டில் கட்டம் போட்டுவிட்டேன். நான் சொட்டு விட்டதும் அவள் நேரம் எழுதி டிக் போடுவாள்.

மே 6, திங்கள்

பிளஸ் டூ முடிவு வந்தது. மாநிலத்தில் 94.56 சதவீதம் தேர்ச்சி என்று டிவியில் சொன்னார்கள். தெருக்கோடி வீட்டுப் பையனுக்கு ஒரு பாடம் போய்விட்டது. அவனுடைய அப்பாவுக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தவன் நான். போய்ச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது துணைத் தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

சொட்டு விடுவதில் ஒரு பக்குவம் பிடிபட்டிருக்கிறது. கீழ் இமையை லேசாக இழுத்தால் சின்னக் குழி மாதிரி விழும்; அதில் ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையில் படக் கூடாது. இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். எனக்கு 71 வயது, கை நடுங்குகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் நிற்கிறது. சிலேட்டில் 'அ' போடப் பிள்ளைகளின் மணிக்கட்டை இப்படித்தான் பிடிப்பேன்.

மே 9, வியாழன்

டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டியபோது என் மனைவி 1983இல் எழுதிய இன்லேண்ட் லெட்டர் கிடைத்தது. அப்போது நான் மணமேல்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் ஓராசிரியர் பள்ளியில் இருந்தேன். சனிக்கிழமைதான் வீடு. பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள்; இரண்டு எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. "என்ன தாத்தா, ல தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்றாள்.

அது பழைய 'லை'. ளை, ணை, னையும் அப்படித்தான் இருந்தன. பெரியார் நூற்றாண்டை ஒட்டி 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், போன வருடம் நான் சொல்லிக்கொடுத்ததை மாற்றி எழுதுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் ஒரு வாரத்தில் மாறிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவள் மாறவே இல்லை.

பேத்தி படித்த வரி இதுதான்: "கவலை வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை." அந்த வாரம் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். இவள் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறாள். பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் பேத்தியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 12, ஞாயிறு

வடகாட்டிலிருந்து ஓர் அம்மா பலாப்பழத்தோடு வந்தார். கஜா புயலில் அவர் தோட்டத்தில் ஒரு மரம்தான் மிஞ்சியது. அதில் காய்த்த பழம். வாசலில் என்னைப் பார்த்து "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நேரே உள்ளே போனார். "டீச்சர், கண்ணு எப்படி இருக்கு?"

இந்த வீட்டில் டீச்சர் என்றால் அவள்தான். 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். நான் ஊர் ஊராகப் போய்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படித்த என் மனைவி, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, தெருவிளக்கடியில் பத்துப் பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தவர்களில் இந்த அம்மாவும் ஒருவர். மாவட்டமே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட காலம் அது. இரண்டு பேரும் வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிளில், விழுந்து எழுந்து சேர்ந்தேதான் பழகினார்கள். நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது ஒரே ஒரு சாயங்காலம்.

அரிவாளிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அந்த அம்மாவே பழத்தைப் பிளந்தார். சடையை நீக்கிச் சுளை எடுத்து, கொட்டையைக் குழம்புக்குத் தனியாக வைத்தார். முதல் சுளையை இவள் வாயில் ஊட்டினார். நான் 2011இல் ஓய்வு பெற்றபோது சால்வை, கைக்கடிகாரம், குரூப் போட்டோ எல்லாம் கிடைத்தன. போட்டோவில் அவள் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். யாராவது போய்க் கூப்பிட்டிருக்கலாம். நான்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

மே 15, புதன்

போன வெள்ளியிலிருந்து சொட்டு ஐந்து வேளைதான். நேற்று ஒரு மழை பெய்து வெயில் தணிந்திருக்கிறது. சாயங்காலம் பேத்திக்குச் சைக்கிள் பழக்கப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். என் மனைவி கறுப்புக் கண்ணாடியோடு வேப்பமரத் திண்ணையில் உட்கார்ந்து, "சக்கரத்தப் பாக்காதடி, தூரத்தப் பாரு" என்று சத்தம் கொடுத்தாள். மூன்றாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது, பிடியை விட்டுவிட்டேன். பேத்தி கோல் போஸ்ட் வரை தனியாகப் போய்விட்டாள். அவளே திரும்பி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"என்னங்க," என்று அவள் கூப்பிட்டாள். "கண்ணு உறுத்துது. மருந்து நேரம் தாண்டிருச்சு."

உறுத்துகிறது என்று அவளாக வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. பாட்டில் பைக்குள்ளேயே இருந்தது. கை அலம்பிவிட்டு வந்து அங்கேயே திண்ணையில் தலையைச் சாய்க்கச் சொல்லிச் சொட்டு விட்டேன். நாலாவது வேளை, 5.50. பத்து நிமிடம் தாமதம். பேத்தி நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறாள்.