மியூட் போட்டு பாத்த செட்டிநாட்டு வீடு

போன செமஸ்டர் இன்டர்னல் பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன், ஒரு புள்ள "சமஸ்கிருதமயமாதல்னா என்னன்னு வாங்க பாக்கலாம்"னு விடைய ஆரம்பிச்சிருக்கு. சரி ஏதோ ஒரு புள்ள ஆர்வத்துல எழுதிருச்சுன்னு அடுத்த பேப்பர எடுத்தா அதுலயும் வாங்க பாக்கலாம். மொத்தம் ஒம்பது பேரு. தப்பு அவங்க மேல இல்ல, இப்படி ஆரம்பிக்கிற யூடியூப் வீடியோ லிங்க்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டதே நான்தான், பெரிய மாடர்ன் டீச்சர்னு நெனப்பு.

காரைக்குடி பக்கத்துல ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன், பேரு வேணாம். சமூகவியல் பேப்பர். புள்ளைக தேவகோட்டை, கல்லல், புதுவயல், நாச்சியாபுரம்னு பஸ் ஏறி வருதுக, பாதிக்கு மேல வீட்டுல மொத தடவ காலேஜ் வாசப்படி மிதிச்சதுக.

அந்த ஒம்பது பேப்பர்லயும் கீழ இருக்க சாதி மேல் சாதியா ஆயிடும்னு எழுதியிருந்துச்சு, வீடியோல அப்படித்தான் சொல்லியிருக்கான். சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ் 1952-ல கர்நாடகாவுல இருக்க கூர்க் பத்தின புத்தகத்துல சொன்னது வேற. கறி, சாராயத்த விட்டுட்டு, மேல இருக்கவங்க சடங்க எடுத்துக்கிட்டு, ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறையில ஒரு சாதி கொஞ்சம் ஒசந்த எடம் கேக்கும். ஆள் மாறி நிப்பாங்களே தவிர ஏணி அப்படியேதான் இருக்கும். இந்த ஏணி விஷயம் அஞ்சு நிமிஷ வீடியோல காணாமப் போயிருச்சு. கான்செப்ட் சொல்லித்தர்ற வீடியோ பெரும்பாலும் நோட்ஸ்தான், பின்னாடி மியூசிக் ஓடுற நோட்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம். அதுல இருந்து அந்த மாதிரி வீடியோவ நிறுத்திட்டேன்.

அப்புறம் 1962-ல அமெரிக்க டிவில வந்த அந்த பழைய லிப்ட் கிளிப் ஒன்னு இருக்குல்ல, உள்ள நிக்கிற எல்லாரும் ஆக்டருங்க, கதவுக்கு முதுக காட்டி திரும்பி நிப்பாங்க, விஷயம் தெரியாத அந்த ஒத்த ஆளு முழிச்சு முழிச்சு பாத்து கடைசில அவரும் திரும்பிருவாரு, அவங்க தொப்பிய கழட்டுனா இவரும் கழட்டுவாரு. புள்ளைக விழுந்து விழுந்து சிரிச்சுச்சுக. நானும் சமூக நெறி, ஒத்துப்போதல்னு போர்டு ஃபுல்லா எழுதி முடிச்சு திரும்புறேன், கடைசி பெஞ்சுல இருந்து "மேடம், எங்கூருல லிப்டே கிடையாதே"ங்கிறான்.

கிண்டலுக்குத்தான் சொன்னான், ஆனா சரியாத்தான் சொன்னான். அமெரிக்காகாரன் ஏமாந்தான்னுதான் அவங்க மண்டையில ஏறியிருக்கு, நாமளும் தெனம் திரும்பி நிக்கிறோம்னு ஏறல. "ஏண்டா, கல்யாணப் பந்தியில பக்கத்து இலை எதுவும் மடிக்காதப்ப நீ மொத ஆளா மடிச்சிட்டு எந்திரிச்சிருக்கியா?"ன்னு கேட்டேன். கிளாஸ் ஒரு செகண்ட் யோசிச்சுச்சு பாருங்க, அந்த ஒரு செகண்ட்ல நடந்ததுதான் பாடம்.

அதுல இருந்து நம்ம ஊரு வீடியோவா தேட ஆரம்பிச்சேன். பாடத்துக்குன்னு எடுத்தது வேணாம், யாரோ வேற எதுக்கோ எடுத்தது. செட்டிநாட்டு வீட்டு வீடியோவுக்கா பஞ்சம், கானாடுகாத்தான்னு அடிச்சா வரிசையா கொட்டும். எல்லாம் ஒரே அச்சுதான், மேல ட்ரோன், கீழ ஆத்தங்குடி கல்லு, பர்மா தேக்குத் தூணு, முட்ட வெள்ளைக்கரு போட்டுப் பூசுன செவுரு, நடுவுல "வாவ்". ஒன்ன டவுன்லோட் பண்ணிக்கிட்டேன் (கிளாஸ் ரூம்ல டவர் கிடைக்காது, ஜன்னல் கிட்ட போன நீட்டிக்கிட்டு நின்ன அனுபவம் நெறையா இருக்கு). 4 நிமிஷத்துக்கு வெட்டி, மியூட் போட்டு ஓட்டுனேன். சத்தம் இல்லாம பாக்கணும், யாரு தெரியிறாங்க, யாரு தெரியல, நோட்டுல எழுதணும், அவ்வளவுதான் வேலை.

மியூட் போட்டது ஏன்னா, அந்த குரல் இருந்துச்சுன்னா அது காட்டுறதத்தான் நாம பாப்போம். தூணுன்னு சொன்னா தூண பாப்போம்.

சமூகவியலாளர் கோஃப்மன் சொன்ன முன்மேடை பின்மேடைங்கிற பாடத்துக்காகத்தான் இந்த வீடியோ. ஊருக்கு நாம காட்டுற மூஞ்சி ஒன்னு, அந்த மூஞ்சிய தயார் பண்ற எடம் இன்னொன்னு. செட்டிநாட்டு வீடு இத கல்லுலயே கட்டி வச்சிருக்கு, முன்னாடி முகப்பு, அங்கதான் ஆம்பளைங்க வரவு செலவு பேசுறது, அப்புறம் வளவு (உள்முற்றம் இருக்க கட்டு), ரெண்டாங்கட்டு, கடைசில அடுப்படி. ஒரு தெருவுல முன்வாசல் ஆரம்பிச்சா அடுத்த தெருவுல பின்வாசல் தொறக்கும்.

ஒரு புள்ள, வகுப்புல வாயே தொறக்காது, எந்திரிச்சுச்சு. "மேடம், எங்க அப்பத்தா இதே மாதிரி ஒரு வீட்டுல பாத்திரம் வெளக்கப் போனவங்க. பின்வாசத் தெரு வழியாத்தான் போவாங்க, வருவாங்க. சின்னப்புள்ளையில நானும் கூட போயிருக்கேன். முகப்ப நான் இந்த வீடியோலதான் மொத தடவ பாக்குறேன்."

நான் என்னத்த சொல்றது. சாக்பீஸ கீழ வச்சிட்டு உக்காந்துட்டேன். மறுபடி ஓட்டிப் பாத்தோம், அந்த 4 நிமிஷத்துல அடுப்படி வரவே இல்ல, பின்வாசலும் வரல, கூட்டுறவங்க துடைக்கிறவங்க ஒரு ஆள் இல்ல, ஆனா தரை மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது.

அடுத்து நகரத்தார், அதாவது செட்டியார் வீட்டுப் பையன் ஒருத்தன் கைய தூக்குனான், கொஞ்சம் கோவமாத்தான். "எங்க வீட்டுல முப்பது பங்கு மேடம், ஓடு மாத்தணும், யாரு காசு போடுறதுன்னு பத்து வருஷமா பேசிக்கிட்டு இருக்காங்க, வீடியோ எடுக்கிறவங்க அதையும் எடுக்க மாட்டேங்குறாங்க." அது அவங்க பங்காளிச் சண்டைன்னு எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சி.ரைட் மில்ஸ் ஞாபகம் வந்துருச்சு, தனி ஆளோட கஷ்டத்துக்கும் ஊர் உலக வரலாறுக்கும் உள்ள முடிச்ச அவுக்கறதுதான் சமூகவியல்னு 1959-ல எழுதுனவரு. சரி அவுப்போம்னு உக்காந்தோம்.

அந்த வீட்டுக்குப் பணம் எங்க இருந்து வந்துச்சு? பர்மா. வீடியோல "கடல் கடந்து உழைச்சு"ன்னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. உழைப்பு உண்மைதான், என்ன தொழில்னு சொல்ல மாட்டாங்க. கீழ் பர்மா நெல்லு விவசாயிக்கு கடன் கொடுக்கிற தொழில். 1930-ல அங்க 13 முக்கிய நெல் மாவட்டத்துல செட்டியார் கையில இருந்த நிலம் ஒரு 6 சதவீதம், 1938-ல 25 சதவீதம். நிலம் வேணும்னு யாரும் போய் வாங்கல, உலகப் பொருளாதார மந்தத்துல நெல்லு வெல விழுந்துருச்சு, கடன் கட்ட முடியல, பணத்துக்குப் பதிலா நிலம் வந்து சேந்துச்சு. நிலம் போன பர்மாக்காரனுக்கு இவங்க மேல கோவம், இவங்களுக்கோ போட்ட பணம் மண்ணுல சிக்கிருச்சு. 1942-ல ஜப்பான்காரன் உள்ள வந்தப்ப எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வரணும். உங்க வீட்டு ஓடு மாத்துற பிரச்சனை பர்மாவுல ரங்கூன் வரைக்கும் போகுதுடான்னு அந்தப் பையன்கிட்ட சொன்னேன். அவன் கோவம் கொஞ்சம் எறங்குச்சு, அந்தப் புள்ளையும் அவனும் பெல் அடிச்ச பிறகும் பேசிக்கிட்டு இருந்தாங்க, என்ன பேசுனாங்கன்னு நான் கேக்கல.

மொய்க்கு வருவோம், எனக்குப் புடிச்ச பகுதி. பிரான்ஸ் நாட்டு அறிஞர் மார்செல் மாஸ் 1925-ல கொடைய பத்தி எழுதுனது மூணே கடமை, கொடுக்கணும், வாங்கிக்கணும், திருப்பணும். பாலினேசியா, மெலனீசியான்னு உதாரணம் எழுதிப்போட்டா புள்ளைக தூங்கிரும். நம்ம பக்கத்துல பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும்ல, கல்யாணமும் இல்ல காதுகுத்தும் இல்ல, மொய்க்குன்னே கறிச்சோறு போடுறது, அந்த வீடியோ ஒன்ன போட்டேன். மொய் எழுதுற டேபிள்ல நோட்ட எண்ண மெஷினு, ரசீது அடிக்க இன்னொரு மெஷினு. வட்டின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா வாங்குனத விட கொஞ்சம் கூடப் போட்டுத்தான் திருப்பணும், திருப்பலேன்னா போலீஸ் வராது, மானம் போயிரும். அத யாரும் விளக்கவே வேண்டியதில்ல, வீட்டுல மொய் நோட்டு இல்லாத புள்ள ஒன்னு கூட இல்ல. ஒருத்தி மட்டும் "எங்கம்மா மொய் நோட்டத்தான் மேடம் பத்திரத்தோட சேத்து பூட்டி வைக்கிறாங்க"ன்னா. மாஸ் கேட்டிருந்தா நோட்டு எடுத்து எழுதியிருப்பாரு.

எல்லாத்தையும் வீடியோ போட்டு நடத்திர முடியும்னு நெனச்சிராதீங்க. ஆதிக்க சாதிங்கிற பாடத்துக்கு தேவகோட்டை பக்கத்து கண்டதேவி கோயில் தேர் நியூஸ் கிளிப் எடுத்து வச்சிருந்தேன். உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலைன்னு நாலு நாட்டு (நாடுன்னா சில ஊரு சேந்த கூட்டம்) மரியாதை, வடம் புடிக்க எந்தச் சாதிக்கு உரிமைன்னு 1998-ல வெடிச்ச பிரச்சனை, பல வருஷம் தேர் ஓடாமலே நின்னு 2024-ல ஐகோர்ட் வரைக்கும் போயி ஓடுச்சு. புத்தகத்துல இத விட நல்ல உதாரணம் கிடைக்காது. போட்டேன், ஒரு நாப்பது செகண்ட் இருக்கும், கிளாஸ் அப்படியே இறுகிப்போச்சு, ரெண்டு பெஞ்சுல இருந்த புள்ளைக குனிஞ்சுக்கிச்சுக, வேற ரெண்டு பெஞ்சு நிமிந்து உக்காந்துச்சு. நான் நிறுத்திட்டேன். கோழைத்தனம்னு சொன்னாலும் சரி. அந்த வடத்த ரெண்டு பக்கமும் புடிக்க நின்னவங்க வீட்டுப் புள்ளைகதான் அங்க உக்காந்திருக்குதுக, சாயங்காலம் ஒரே பஸ்ல போகணும். அத பேச்சாத்தான் நடத்தணும், மெதுவா, இன்னும் நடத்தி முடிக்கல.

நேத்து அந்த வாய் தொறக்காத புள்ள எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்துச்சு. அதுவே எடுத்தது, 3 நிமிஷம், போன் ஆடிக்கிட்டே இருக்கு. பின்வாசத் தெருவுல திண்ணையில உக்காந்து அப்பத்தா பேசுறாங்க, எந்த வீட்டுக்கு எத்தன மணிக்குப் போவாங்க, எந்த ஆச்சி காப்பி தருவாங்க, தந்தா எங்க உக்காந்து குடிக்கணும். நடுவுல "எதுக்குடி இதப்போயி எடுக்குற"ன்னு ஒரு அதட்டல். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துல பாதி பேச்சு விளங்கல. செவ்வாக்கிழமை மூணாவது பீரியட் இதத்தான் போடப்போறேன், அப்பத்தாகிட்ட கேட்டு சரின்னு சொல்ல வச்சாச்சு. மியூட் போடப்போறதில்ல, எங்கிட்ட இருக்க ஓட்ட புளூடூத் ஸ்பீக்கர் போதாது, ஆபீஸ் ரூம்ல நல்லதா ஒன்னு கேட்டிருக்கேன், தர்றாங்களான்னு பாக்கணும்.