9 வருஷ டிபிஏ அனுபவம், ஹெச்ஆர் கணக்குல வெறும் 5

நேத்து ராத்திரிதான் ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்டு அனுப்புனேன், எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கல. சீனியர் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போஸ்டுக்கு 8 வருஷம் கேட்டிருந்தாங்க, நமக்குத்தான் 9 இருக்கேன்னு தைரியமா போட்டேன். டெக்னிக்கல் ரவுண்டு ரெண்டும் நல்லாவே போச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம் ஹெச்ஆர்ல இருந்து மெயில், ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ் 5 வருஷந்தான், அதனால ஒரு கிரேடு கீழேன்னு. சம்பளத்துல கிட்டத்தட்ட 20 சதவீதம் அடி.

என்னடான்னு பாத்தா, மொத கம்பெனில 4 வருஷமும் என் டெசிக்னேஷன் 'சிஸ்டம் சப்போர்ட் இன்ஜினியர்'. பாத்ததெல்லாம் டேட்டாபேஸ் வேலை, ஆரக்கிள்ல ஆர்மேன் (RMAN) டூல் வெச்சு பேக்கப், டேட்டா கார்டு (Data Guard) வழியா மெயின் டேட்டாபேஸ்ல இருந்து ஸ்டாண்ட்பை நகலுக்கு மாத்தற ஸ்விட்ச்ஓவர், நடு ராத்திரி பேட்ச்சுன்னு. பேர்ல என்ன இருக்குன்னு அப்ப விட்டுட்டேன், கிரேடே அதுலதான் இருந்திருக்கு.

சரின்னு பழைய கம்பெனிக்கு எழுதி, செஞ்ச வேலையப் போட்டு ஒரு லெட்டர் குடுங்கன்னு கேட்டா, மூணு வாரம் கழிச்சு அதே பழைய லெட்டர், தேதிய மட்டும் மாத்தி! ஃபோன் பண்ணா "சிஸ்டத்துல இருக்கறதத்தான் குடுப்போம்"னு வெச்சுட்டாங்க. அப்ப டீம் லீடா இருந்தவரு பாவம், கேட்ட அன்னிக்கே எழுதிக் குடுத்தாரு, ஆனா அவரு இப்ப அங்க இல்ல, லெட்டர்ஹெட் இல்லாம செல்லாதுன்னு இங்க தள்ளிட்டாங்க. வேலையை விட்டு வரும்போதே ரிலீவிங் லெட்டர்ல என்ன வேலை செஞ்சேன்னு ஒரு வரி எழுதி வாங்கிடுங்க, அப்புறம் கேட்டா யாரும் தர மாட்டாங்க.

கடைசில காப்பாத்துனது நான் எனக்காக எழுதி வெச்சிருந்த நோட்டு. எந்த மாசம் என்ன பிரச்சனை, டேட்டாபேஸ் எவ்ளோ பெருசு, அது திரும்ப ஓட ஆரம்பிக்க எவ்ளோ நேரம் ஆச்சுன்னு. சர்வர் பேரு, கிளையன்ட் பேரு எதுவும் அதுல இருக்காது, இருக்கவும் கூடாது. ஒரு தடவ போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல டிஸ்க் ஃபுல். நகல் சர்வர் எது வரைக்கும் வாங்கிருக்குன்னு குறிச்சு வெக்கறது ரெப்ளிகேஷன் ஸ்லாட்; யாரோ எப்பவோ உருவாக்கி மறந்துட்டுப் போன ஒண்ணு, மாத்தங்கள எழுதி வெக்கற வால் (WAL) ஃபைல அழிய விடாம புடிச்சு வெச்சிருந்துச்சு, பக்கத்துல ஒருத்தர் அந்த ஃபைலையே கையால அழிக்கப் போனாரு, நான் தடுத்து அந்த ஸ்லாட்ட ட்ராப் பண்ணி சரி பண்ணேன். அந்த மாதிரி சம்பவமா ரெண்டு பக்கம் எழுதி, என்னைய இன்டர்வியூ எடுத்த மேனேஜருக்கே நேரா அனுப்புனேன். அவரு ஹெச்ஆர்கிட்ட பேசுனாரு, ரெண்டே நாள்ல கிரேடு ஏறிடுச்சு. ரெஸ்யூமேல டூல் பேரா அடுக்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனா சம்பளம் முழுசா ஏறல, அது என் வாயால கெட்டது. மொத ஃபோன் கால்லயே இப்ப எவ்ளோ வாங்குறீங்கன்னு கேட்டப்ப சொல்லித் தொலைச்சேன். நீங்க மொதல்ல இந்த கிரேடுக்கு ரேஞ்ச் என்னன்னு கேளுங்க. அப்புறம் ஆன்கால், அதாவது நடு ராத்திரி பிரச்சனைன்னாலும் எழுந்து பாக்கற முறை! பழைய எடத்துல அதுக்குத் தனி அலவன்ஸ், இங்க எல்லாம் பேசிக்லயே அடக்கமாம். ரொட்டேஷன்ல எத்தன பேருன்னு கேட்டா மூணு பேரு, அதாவது மூணு வாரத்துல ஒரு வாரம் தூக்கம் போச்சு. இதக் கேக்காம சம்பளத்த ஒத்துக்காதீங்க, நான் ஒத்துக்கிட்டப்புறம்தான் கேட்டேன்.

இவ்ளோ அலைஞ்சு வந்த ஆஃபர் லெட்டர்ல டெசிக்னேஷன் என்ன தெரியுமா, 'ஸ்பெஷலிஸ்ட் 2'. அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். 'சீனியர் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'னு மாத்தி வர அஞ்சு நாள் ஆச்சு, அதுக்கப்புறந்தான் கையெழுத்து.