பாஸ்போர்ட்டைக் குடுக்காம கோ சமுய்ல ஸ்கூட்டர் எடுத்த கதை

தாய்லாந்துல இருக்கற கோ சமுய் தீவுக்குப் போயிட்டு ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு, அங்க ஸ்கூட்டர் வாடகைக் கடையில கேட்ட அந்த 4500 பாட் (அந்த ஊர் பணம்) விஷயத்தை நெனச்சா இன்னும் வயிறு எரியுது. பணம் போகல, தப்பிச்சுட்டேன். ஆனா அது என் சாமர்த்தியம்னு சொல்ல மாட்டேன், போன வருஷம் என் மச்சான் இதே மாதிரி ஒரு தீவுல வசமா மாட்டிக்கிட்டு வந்து புலம்புனது காதுலயே இருந்துச்சு, அவ்ளோதான்.

முதல் கூத்து நம்ம ஊர்லயே ஆரம்பிச்சுது. தாய்லாந்துல வண்டி ஓட்ட நம்ம லைசென்ஸ் மட்டும் பத்தாது, இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வேணும். பரிவாஹன்ங்கற கவர்மென்ட் போக்குவரத்து சைட்ல அப்ளை பண்ணி 1000 ரூபா கட்டியாச்சு, ஆர்டிஓ ஆபீஸ்ல பெர்மிட் புக்கும் கைக்கு வந்துடுச்சு. நான் மடையன் மாதிரி தொறந்துகூட பாக்காம பையில போட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி சாப்டுட்டு சும்மா புரட்டுனா 'பி'க்கு நேரா மட்டும் சீல் இருக்கு, 'ஏ' காலியா கெடக்கு. ஏ தான் டூவீலர், பி கார். என் லைசென்ஸ்ல ரெண்டுமே இருக்கு! மறுநாள் லீவு போட்டு போய் நின்னா கவுன்டர்ல இருந்தவரு நிமிர்ந்துகூட பாக்கல, "எல்லாரும் கார் ஓட்டத்தான சார் வாங்குவாங்க"ன்றாரு. அப்புறம் புதுசா அப்ளை பண்ணுங்கன்னு சொன்னாரு. நான் நகரல. சாப்பாட்டு நேரமும் முடிஞ்சு உள்ள இருந்த ஆபீசர்கிட்ட காட்டுனா, ஒரே நிமிஷம், டொக்குன்னு ஒரு சீல். அதுக்கு எனக்கு ஒருநாள் சம்பளம். தயவுசெஞ்சு அங்கயே நின்னு ஏ-வுக்கு நேரா சீல் இருக்கான்னு பாத்துட்டு வாங்க.

ட்ராவல் இன்சூரன்ஸ் எடுக்கறப்பவும் அந்த பொடி எழுத்தைப் படிங்க. செல்லுபடியாகற லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா ஆஸ்பத்திரி செலவு நம்ம தலையிலதான், சில பாலிசில டூவீலரே கெடையாது.

சமுய் போய் இறங்குனது, சாவெங்ங்கற பீச் ஏரியால ரூம் போட்டது எல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல. ரூமுக்கு எதுத்தாப்புலயே ஒரு கடை, ஒரு நாளைக்கு 200 பாட்டுன்னு போர்டு. ஒரு பாட்டுக்கு மூணு ரூபாக்கும் கொஞ்சம் கம்மின்னு வச்சா சல்லிசுதான். எல்லாம் பேசி முடிச்சு சாவியையும் எடுத்து வச்சுட்டு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே "பாஸ்போர்ட்"னு கைய நீட்டுது. ஜெராக்ஸ் தரேன்னா வேணாமாம், ஒரிஜினல்தான் வேணுமாம். டிராயரைத் தொறந்து காட்டுது, உள்ள சீட்டுக்கட்டு மாதிரி கலர் கலரா பாஸ்போர்ட்டு. வீட்டம்மா வேற, "எல்லாருந்தான் குடுத்திருக்காங்க, குடுத்தா என்னங்க"ன்னா. பாஸ்போர்ட் கவர்மென்ட் சொத்து, அந்த புக்குலயே அப்படித்தான் போட்டிருக்கு. அது டிராயருக்குள்ள போயிட்டா திரும்பி வர்றப்ப அவங்க சொல்றதுதான் கணக்கு, ஃபிளைட் நேரத்துல நாம சண்டையா போட முடியும்? கெளம்பிட்டோம். உச்சி வெயில்ல நடந்து நாலாவது கடையிலதான் 3000 பாட் டெபாசிட்டும் பாஸ்போர்ட் ஜெராக்ஸும் போதும்னு ஒத்துக்கிட்டாங்க, வாடகை 250. அம்பது பாட் கூட, போகட்டும். 3000 வாங்குனதுக்கு ரசீது எழுதி வாங்கிக்கிட்டேன்.

வண்டி ஹோண்டா கிளிக் 125. மச்சான் சொல்லிக் குடுத்தபடி, கடைக்கார பையன் பக்கத்துல நிக்கறப்பவே வீடியோ எடுத்தேன், அவன் மூஞ்சியும் கடை போர்டும் விழற மாதிரி. சுத்தி வந்துட்டு, கண்ணாடிக்கு அடிப்பக்கம், சைலன்சர், பிரேக் லீவர் நுனி, அப்புறம் குனிஞ்சு கால் வைக்கிற பலகைக்கு அடியில. அங்கதான் ஒரு விரல் நீளத்துக்கு கீறல். பையன் "ஓகே ஓகே"ன்னு சிரிச்சான். நானும் "ஓகே"ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு செகண்ட் அங்கயே கேமராவ நிறுத்துனேன்.

பிரேக் அடிச்சுப் பாத்தா பின்னாடி லூசு, டைட் பண்ணி வாங்குனேன். முதல்ல குடுத்த ஹெல்மெட் தயிர்ச்சட்டி மாதிரி, ஸ்ட்ராப் கிளிப்பே விழல, மாத்தி குடுக்கச் சொன்னேன். ரெண்டு ஹெல்மெட் கேளுங்க, பின்னாடி உக்காரறவங்களுக்கும் கட்டாயம்.

ஓட்டறது நமக்குக் கஷ்டமே இல்ல, அங்கயும் லெஃப்ட் சைடுதான். தீவைச் சுத்தி 4169ன்னு ஒரு ரிங் ரோடு, 50 கிலோமீட்டர் சொச்சம். லாமாய் தாண்டி, நா முவாங் அருவி பாத்துட்டு நாத்தோன்ல மீன் சாப்டுட்டு ஒரே நாள்ல சுத்தி வந்துட்டோம். சாவெங்குக்கும் லாமாய்க்கும் நடுவுல மேடு ஏறி இறங்கற வளைவுல மட்டும் மணல் கெடந்து பின் டயர் ஒரு இழு இழுத்துச்சு, ரெண்டு பேருக்கும் உசுரு தொண்டைக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் 40 ஸ்பீடுதான்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் போலீஸ் செக்கிங். எனக்கு முன்னாடி ஒரு வெள்ளக்காரரு சட்டையும் இல்ல, ஹெல்மெட்டும் இல்ல, ஓரமா ரசீது போட்டுக்கிட்டு இருந்தாங்க. போலீஸ்காரரு என்கிட்ட பெர்மிட் புக்கை வாங்கி நேரா அந்த சீல் பக்கத்தைத்தான் தொறந்தாரு. விரலை ஏ மேல வச்சாரு, தலைய ஆட்டுனாரு, போன்னுட்டாரு. கவுன்டர்ல நின்ன அந்த ஒருநாள் கடுப்பு அங்க பாதி எறங்கிடுச்சு.

திருப்பிக் குடுக்கறப்ப பையன் இல்ல, பெரியவரு ஒருத்தர். வண்டிய நிமிர்ந்துகூட சுத்திப் பாக்கல, நேரா குனிஞ்சு அந்தப் பலகைக்கு அடியில கைய விட்டாரு! எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். கால்குலேட்டர்ல 4500 அடிச்சு நீட்டுனாரு, டெபாசிட்டையும் எடுத்துக்கிட்டு மேல 1500 கேக்கறாரு. நான் எச்சில் தொட்டு அந்தக் கீறலைத் தேய்ச்சுக் காட்டுனேன், உள்ள அழுக்கு கருப்பா ஏறி இருக்கு, நேத்து விழுந்ததா இருந்தா வெள்ளையா இருந்திருக்கும். புரியாத மாதிரியே நின்னாரு. அப்புறம் வீடியோவப் போட்டு பையன் மூஞ்சி, போர்டு, கீறல் எல்லாத்தையும் காட்டி, 1155க்கு அடிக்கவான்னு கேட்டேன், அது டூரிஸ்ட் போலீஸ் நம்பர். 1155ன்னதும் கால்குலேட்டர் உள்ள போயிடுச்சு.

மூணு ஆயிரம் பாட் நோட்டை எண்ணிக்கிட்டு இருக்கறப்ப கடைசியா பெட்ரோல் முள்ளைக் காட்டுனாரு. எடுத்தப்ப ஃபுல்லாமே. நான் எடுத்தப்ப பாதிதான் இருந்துச்சு, சத்தியமா. ஆனா அத்தனை வீடியோ எடுத்தவன் அந்த முள்ளை மட்டும் எடுக்கல. 100 பாட் வாங்கிட்டுத்தான் விட்டாரு.