கிளிநொச்சியில் ரயருக்குக் காற்று

கனடாவில் வளர்ந்தவன் கிளிநொச்சிக்கு வந்து குடியேறினால் எதற்கெல்லாம் பழக வேண்டும் என்று கேட்டால் வெயில், நுளம்பு, மின்வெட்டு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது வாகன ரயரைப் பற்றி. ஸ்காபரோவில் ரயர் கடையில் வேலை செய்தவன் நான். இப்போது பிள்ளைகளைப் பின்சீற்றில் இருத்திக்கொண்டு ஏ9 வீதியில் ஓடுகிறவன்.

அங்கே எங்களுக்குக் குளிர்தான் பிரச்சினை. வெப்பநிலை 10 பாகை இறங்கினால் ரயரின் அழுத்தம் ஏறத்தாழ 2 பீஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) குறையும். முதல் உறைபனி விழுந்த காலையில் காற்றுக் குறைவென்று மஞ்சள் விளக்கு எரிகிற கார்கள் கடை வாசலில் வரிசையாக நிற்கும். இங்கே குளிர் இல்லை, காற்று ஏன் இறங்கப்போகிறது என்று பலர் கேட்டார்கள். இறங்கும். ஓட்டையே இல்லாத ரயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பீஎஸ்ஐ தானாகக் கசிந்துவிடும். 32 இருந்தாலும் 25 இருந்தாலும் ரேடியல் ரயர் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் நிற்கும்.

காற்றுக் குறைந்த ரயர் ஓடும்போது அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும். அதில் பிறக்கிற சூடுதான் ஆளைக் கொல்லும். சித்திரை வெயிலில், கொதிக்கிற தார் றோட்டில், வான் நிறைய ஆட்களும் கூரையில் சாமானுமாக ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை ஒரே பிடியாகப் போனால் அந்தச் சூடு ஆற இடமே இல்லை. ரப்பரும் உள்ளேயுள்ள கம்பி இழைகளும் பிரிந்து ரயர் வெடிப்பது அப்படித்தான்.

என் மாமா, அதாவது மனைவியின் தகப்பன், விசுவமடுக்காரர். 90களின் பொருளாதாரத் தடைக்குள் சைக்கிளை நம்பி வாழ்ந்தவர். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. புது ரயர் குதிரைக்கொம்பு. கரியரில் நெல்மூட்டை ஏற்ற முதல் பெருவிரலால் ரயரை அமத்திப் பார்ப்பாராம். “காத்துக் காணாமல் பாரம் ஏத்தினா றிம் ரியூப்பை வெட்டிப்போடும் தம்பி. ரயரும் ஓரத்தாலை வெடிக்கும்” என்றார். ரயர் கடையில் எனக்குச் சொல்லித்தந்ததும் இதே பாடம்தான். கார் ரயருக்கு மட்டும் பெருவிரல் உதவாது என்று அழுத்தம் அளக்கிற கேஜ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது காலமை தேத்தண்ணிக்கு முதல், கார் அசைய முன்னம், கேஜோடு நாலு சில்லையும் சுற்றி வருகிறவர் அவர்தான்.

காற்று அடிக்கப் போனால், “நாப்பது விடட்டோ அண்ணை?” என்று கேட்பார்கள். சரியான அளவைக் காரே சொல்லும்: ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எங்கள் கார் ஜப்பானில் ஓடி வந்தது. எழுத்து விளங்காவிட்டாலும் 220 என்ற இலக்கம் விளங்கும். கிலோபாஸ்கலில் 220 என்றால் 32 பீஎஸ்ஐ. ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்தால் நடுப்பகுதி மட்டும் றோட்டில் பட்டு நடு தேயும், பிறேக் பிடிப்பும் குறையும். காற்றுக் குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் எலைன்மன்ற், அதாவது சில்லு நிற்கிற கோணம், பிழை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க இறங்குகிற நேரம், ரயர் சுடுகுது என்று காற்றைத் திறந்துவிடுவதையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓடிய ரயரில் நாலைந்து பீஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும். ஸ்டிக்கரில் உள்ள கணக்கு ஆறிய ரயருக்குரியது. சூட்டில் இறக்கிவிட்டால் அடுத்த நாள் காலை குறைவாக நிற்கும்.

மாரி வந்தால் நிலைமை இன்னும் மோசம். ரயரின் தவாளிப்புகளுக்குள் குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும்; ரயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர்தான். அதற்குப் பிறகு தண்ணீரை ஒதுக்க வழியில்லை, வண்டி தண்ணீருக்கு மேலே சறுக்கும். மழை இரவுகளில் மாடுகள் றோட்டிலேயே படுத்திருக்கிற ஊர் இது.

ஐப்பசி மழைக்கு முதல் எங்கள் ஒழுங்கையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வானைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஸ்பெயார் வீலையும் இறக்கி வைக்கச் சொன்னேன். அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு.