பொனற்றுக்குள் வெள்ளை பூத்தால்

சோளகக் காற்று வீசுற மாதங்களில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வாற காரின் பொனற்றைத் திறந்தால், பற்றறியைச் சார்ஜ் பண்ணுற அல்ற்றநேற்றரின் அலுமினிய உடம்பில் திருநீறு பூசினமாதிரி வெள்ளை பூத்திருக்கும். இரும்புக் கறளுக்குச் செய்யிற வைத்தியத்தை இதுக்குச் செய்யக்கூடாது. அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஒக்சைட் தோலைப் போர்த்திக்கொள்ளும். அதுதான் அதன் காவல். கடல் உப்பு அந்தத் தோலை ஊசிமுனையளவில் துளைத்துக் குழி தோண்டும். வெளியில் தெரிகிற தூள், அந்தக் குழியிலிருந்து வந்ததுதான்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, அல்ற்றநேற்றர், பியூஸ் பெட்டி, காற்று உறிஞ்சும் வாய் மூன்றையும் பொலித்தீனால் கட்டுங்கோ. அல்ற்றநேற்றரின் வெளிப்பக்கத்தைப் பிறகு ஈரச்சீலையால் துடைத்தாலே காணும். மற்றப் பாகங்களுக்குப் பெயின்ற் பிரஷால் மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விடுங்கோ. பெல்ற்றிலும் றப்பர்க் குழாயிலும் படக்கூடாது, றப்பர் ஊதிப்போகும். கோப்பாய்ச் செம்மண் எண்ணெயோடு சேர்ந்தால் களிதான், மூலைகளை மரக்குச்சியால் கிளறவேணும். பிறகு ஒரு லீற்றர் இளஞ்சுடு தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி கோப்பை கழுவுற திரவம் கலந்து, பழைய பல் பிரஷால் உரஞ்சுங்கோ.

வடிகான் அடைப்பெடுக்கிற கொஸ்ரிக் சோடாவைச் சிலர் ஊற்றுவினம். நுரைத்துப் பொங்கும், ஊத்தை கழருது என்று மனம் குளிரும். கரைவது அலுமினியம், பொங்குவது ஐதரசன் வாயு. இரும்புக் கம்பிப் பிரஷும் வேண்டாம். அதன் துணுக்குகள் மேற்பரப்பில் பதிந்து கறள்பிடித்து, பக்கத்திலேயே புதுக் குழி தோண்டத் தொடங்கும். நைலோன் பிரஷ் நல்லது.

மிஞ்சிற கறைக்குத் தேசிக்காய்ப் புளி போதும்: ஐந்து நிமிடம், உடனே கழுவல். ஆனால் எங்கட கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட. காயவிட்டால் அதுவும் வெள்ளைப் புள்ளிதான். கடைசி அலசலுக்கு அரை லீற்றர் பற்றறித் தண்ணி (வடித்த தண்ணி, அசிற் இல்லை) எடுத்து, போல்ற் குழிகளுக்குள் நிற்கிற ஈரத்தைச் சைக்கிள் பம்பால் ஊதுங்கோ.

எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்துற தேமோஸ்ராற்றின் மூடியில், குழாய்க் கழுத்தில் பச்சையோ சிவப்போ கலந்து பொருக்கு நின்றால், அது கடற்காற்றின் வேலையில்லை, றேடியேற்றருக்கு விடுகிற கூலன்ற்றின் கசிவு. குழாயைக் கழற்றிப் பாருங்கோ. கிளிப் இறுகிற இடத்தில் குழி ஓடியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, மூடியை மாற்றத்தான் வேணும். றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணி விடுகிறதின் பலன் பெரும்பாலும் இப்படித்தான் வெளியில் வரும். மூடியைப் பிடிக்கிற இரும்பு போல்ற்றுகள் அலுமினியத்தோடு இறுகிப்போயிருக்கும்; கறள் இளக்குற எண்ணெய் விட்டு ஓரிரவு பொறுங்கோ, வலிந்து திருகினால் தலை முறிந்து கையோடு வரும்.

பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார் வைத்திருக்கிறவைக்கு ஒன்று: எஸ்.யூ. காபரேற்றரின் மேல் கூட்டை வெளியில் எவ்வளவும் மினுக்கலாம். உள்ளே பொலிஷ் படக்கூடாது. அதுக்குள் ஓடுற பிஸ்ரனும் அந்தக் கூடும் சோடியாகப் பொருத்தினவை.

காய்ந்தபிறகு மெல்லிசாய்க் கார் வக்ஸ் பூசுங்கோ. எஞ்சின் ஒயில் பூசினால் மினுங்கும், ஆனால் ஒரு கிழமையில் செம்மண் அப்பிவிடும். எர்த் வயர் பூட்டிற இடத்தில் மட்டும் வக்ஸ் படாமல் பார்க்கவேணும், இல்லாட்டி ஸ்ராட்டர் சோம்பும்.