தோணுச்சு சார்

"பூ வாங்கிட்டு வந்தேன் சார்."

கல்லூரி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என் பக்கத்தில் நின்ற நண்பன் சொன்ன பதில் இது. எக்ஸ்டர்னலாக, வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்தவர் தலையை ஆட்டினார், பேப்பரில் எதையோ குறித்தார், அடுத்த ஆளைப் பார்த்தார். மொத்தம் பத்து விநாடி இருக்கும். அதற்கு முந்தின பத்து விநாடியில் நான் பேசியதுதான் மூன்று வருஷமாக என்னை விடமாட்டேன் என்கிறது.

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படித்தவர்களுக்கு குரூப் புராஜெக்ட் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பேர், நாலு நிமிஷம் பத்து விநாடிப் பாட்டு, 2023 தை மாசம். ஒருத்தன் பாட்டை எழுதி இயக்கினான். ஒருத்தன் கேமரா. பாடின தோழியே நடித்தாள். எடிட்டிங் நான். ஐந்தாவது ஆள் அவன். அவனுக்கு நாங்கள் வைத்த பேர் 'புரொடக்ஷன்'. என்ன வேலை என்று சொல்லத் தெரியாத எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு அவன் தலையில் வைத்தோம்.

மதுரை பக்கத்தில் இருக்கிற சமணர் மலை மேலே எடுக்க வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டான். அது தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிற இடம், ஸ்டாண்டு வைத்து எடுக்க முறையான அனுமதி வேண்டும் என்று விசாரித்து வந்தவன் இவன். "மேல வேணாம், கீழ ஐயனார் கோயில் ஆலமரத்துக்கிட்டயே வச்சுக்குவோம்" என்றான். மீனாட்சி கோயில் எதிரே இருக்கிற புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்கார அண்ணனைப் பிடித்து இரண்டே நாளில் பாவாடை தாவணி தைத்து வாங்கினான். தெப்பக்குளம் மீனாட்சி கோயிலுக்குச் சொந்தமானது, கேட்காமல் போய் நிற்கக்கூடாது என்று முன்னாடியே போய்ப் பேசிவிட்டு வந்தான். ஸ்பீக்கரும் அவன் கையில்தான். ஸ்லோமோஷனில் உதடு பாட்டோடு சேர வேண்டும் என்றால், விநாடிக்கு 50 ஃப்ரேமில், அதாவது 50 படமாக, எடுத்து 25இல் ஓட்டுவோம். அதனால் எடுக்கிற இடத்தில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். அந்த வேகத்தில் வரி எங்கே தொடங்குகிறது என்று பாடினவளுக்கே பிடிபடவில்லை. இவன் கையை ஓங்கி இறக்கி ஒவ்வொரு வரிக்கும் எடுத்துக் கொடுத்தான். இதெல்லாம் வைவாவில் யாரும் கேட்காதது.

பூ விஷயம் தனி.

பாட்டில் மல்லிகை வருகிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அது எப்போது விரியும் என்று தெரியாது. காலையில் தெப்பக்குளம் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இயக்குநர் சொன்னபோது அவன் நிறுத்தினான். விடியுமுன் பறிக்கிற பூ, காலையில் மார்க்கெட்டுக்கு மொட்டாகத்தான் வரும். சாயங்காலம்தான் வாய் திறக்கும். விரிந்த பூ காலையில் வேண்டுமென்றால் முந்தின நாளே மொட்டு வாங்க வேண்டும். அவன் மாமாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை. முந்தின நாள் காலையில் அரைக் கிலோ வாங்கினான். அவன் அம்மா நாலு முழம் தொடுத்தார். மிச்சத்தை உதிரியாகவே ஈரத்துணியில் பரப்பி வைத்தார்கள். ராத்திரி விரிந்த பூவை வாடாமல் விடியும் வரைக்கும் காப்பாற்றி, மூங்கில் கூடையில் வைத்து, பைக்கில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அந்தக் கூடையைத் திறந்தபோது வந்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த ஷாட் இதுதான். தோழி தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் தண்ணீரில் மைய மண்டபம். வரி முடிந்துவிட்டது. இவன் பாட்டை நிறுத்திவிட்டான். கேமரா நண்பன் மட்டும் நிறுத்தவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் அப்படியே தண்ணீரைப் பார்க்கிறாள். தலையில் வைத்த சரத்திலிருந்து ஒரு பூ கழன்று, தோளில் பட்டு, படியில் விழுகிறது. மொட்டாக இருந்தால் கழன்றிருக்காது. விரிந்து ஒரு ராத்திரி ஆன பூ என்பதால்தான் விழுந்தது.

எடிட்டிங் அனுப்பானடியில் எங்கள் வீட்டு மாடியில் நடந்தது. பாட்டு நிமிஷத்துக்கு 100 பீட். 25 ஃப்ரேமில் ஒரு பீட்டுக்கு 15 ஃப்ரேம். கணக்கு சுத்தமாக வந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. நாலு பீட்டுக்கு 60, எட்டுக்கு 120 என்று எல்லா வெட்டையும் தாளத்தில் உட்கார வைத்தேன். செல்போனில் எடுத்த சில ஷாட்டுகளில் ஃப்ரேம் ரேட் நிலையாக இல்லாமல் உதடு போகப்போகப் பின்தங்கியது. அதைச் சரிசெய்யவே ஒரு ராத்திரி போயிருந்தது. இரண்டாம் ராத்திரி அவன் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தான். எடிட்டிங்குக்கு அவனை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. நானும்தான்.

"மாப்ள, இத ஏன்டா வெட்டுற?"

"வரி முடிஞ்சிருச்சுல்ல. எட்டு பீட்டுல வெட்டுனாத்தான் அடுத்தது தாளத்துல உக்காரும்."

"பூ விழுகப் போகுது பாரு."

"அது பாட்டுக்கு விழுகுது. நடுவுல வெட்டுனா இடிக்கும்டா."

"இடிக்கட்டும். விழுற வரைக்கும் விடு."

நான் விடவில்லை. உனக்கு இது புரியாது என்று வாயால் சொன்னேனா, முகத்தால் காட்டினேனா என்று நினைவில்லை. இரண்டில் ஒன்று நடந்தது. மூன்று மணிக்கு, மாமா கடையில் சரக்கு இறங்கும் என்று எழுந்து போனான். அவன் படியிறங்கின சத்தம் கேட்ட பிறகு நான் அந்த ஷாட்டை இழுத்துப் பார்த்தேன். பூ படியில் படுகிற ஃப்ரேம் வரைக்கும் 165. சரியாகப் பதினோரு பீட், 6.6 விநாடி. நிஜத்தில் அது 3.3 விநாடிதான் நடந்தது. பதினொன்று எந்தக் கணக்கிலும் அடங்காத எண். நாலு நாலாகப் போகிற பாட்டில் வெட்டு அந்தரத்தில் விழுகிறது. ஆனால் பூ தரையைத் தொட்டதும் அடுத்த ஷாட் வந்தபோது எனக்குக் கை சில்லிட்டது. அப்படியே வைத்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. வகுப்பில் போட்டுக் காட்டினபோதுதான் அவன் பார்த்தான். என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். வேறொன்றும் பேசவில்லை.

இனி வைவா. எக்ஸ்டர்னல் அந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"பாட்டு முழுக்கத் தாளத்துக்கு வெட்டியிருக்கீங்க. இந்த ஒரு எடத்துல மட்டும் தாளத்த விட்டுட்டீங்க. ஏன்?"

"பூ விழுற வரைக்கும் விடலாம்னு தோணுச்சு சார்."

"நல்லாத் தோணியிருக்கு தம்பி." பிறகு அவன் பக்கம் திரும்பி, "நீங்க என்ன பண்ணீங்க?"

அதற்குத்தான் அவன் அந்தப் பதிலைச் சொன்னான்.

தோணுச்சு. நான் 'எனக்கு' என்று சொல்லவில்லை. நம் மொழியில் அந்த வார்த்தை ஆளைக் கேட்பதில்லை. யாருக்குத் தோன்றியது என்று சொல்லாமலே வாக்கியம் முழுசாகி நின்றுவிடும். பல மாசம் இதையே பிடித்துக்கொண்டிருந்தேன்: நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அது உண்மைதான். ஆனால் பொய் சொல்லவில்லை என்பதை இத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். "இவன் சொன்னது சார்" என்பதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது. அந்த இடத்தில் அது என் வாய்க்கு வராமல் இல்லை. வந்தது. எடிட்டர் நான், என் மேசையில் நடந்த வெட்டை வேறொருத்தன் சொன்னான் என்றால் எனக்கு என்ன மார்க் போடுவார் என்று ஒரு கணக்கு ஓடியது. அதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் நான் எனக்கே அநியாயம் செய்கிறேன். அவன் ஒரு யோசனை சொன்னான். அதை மேசையில் வைத்துப் பார்த்தவன் நான். 165ஆவது ஃப்ரேமா, 160ஆ என்று முப்பது தடவை ஓட்டிப் பார்த்துப் பூ படியைத் தொடுகிற ஃப்ரேமைப் பிடித்தவன் நான். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற வெட்டெல்லாம் இறுக்கமாக இருந்ததால்தான் இந்த ஒரு தளர்வு எடுபட்டது. வால்டர் மர்ச் என்ற அமெரிக்க எடிட்டர், ஒரு வெட்டில் ஆறு விஷயம் பார்க்கச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, மிச்சம் மற்ற மூன்றுக்கும். இதை நான் இரண்டாம் வருஷப் பரீட்சையில் எழுதினேன். ஆகவே அவன் சொல்லாவிட்டாலும் காலையில் நானே அங்கே வந்து சேர்ந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். பரீட்சையில் எழுதினவன் நான். அந்த ராத்திரி தாளம் தாளம் என்று அடம்பிடித்தவனும் நான்தான். அதை எழுதாதவன் பூவைப் பார்த்தான்.

இதை இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிவதற்கு இன்னொரு காரணம் என் வேலை. கல்யாண வீடியோ எடிட்டிங். முதல் ஸ்டுடியோவில் வேலை கேட்டுப் போனபோது, ஓனர் அண்ணன் அந்தப் பாட்டைத்தான் பார்த்தார். பூ விழுந்த இடத்தில் நிறுத்தி, "இது நீ வெட்டுனதா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். அதுவும் பொய்யில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

அதற்கப்புறம் ஒரு முடிவு எடுத்தேன்: யார் சொன்னதோ அவன் பேரைச் சொல்லிவிடுவது. போன ஆவணி முகூர்த்தத்தில் என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒரு ஷாட்டைக் காட்டினான். தாலி கட்டி முடிந்து எல்லாரும் மேடையில் இருக்கும்போது, பெண்ணின் அப்பா பந்தல் ஓரத்தில் நின்று தோள் துண்டை மடித்துக்கொண்டிருக்கிறார். மடித்ததையே திரும்ப உதறி மடிக்கிறார். "இத அப்படியே விடலாம்ணே" என்றான். விட்டோம். ஓனர் பார்த்தபோது, "தம்பி சொன்னதுண்ணே" என்றேன். எனக்கு மனசு லேசாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து வேறொரு வீட்டிலிருந்து, எங்க சொந்தக்காரங்க முகமே வரலை, யாரோ ஒருத்தரையே எவ்வளவு நேரம் காட்டுறீங்க என்று சண்டைக்கு வந்தார்கள். அந்த இடத்தை முடிவு செய்தது நான். ஓனர் நேராகத் தம்பியைக் கூப்பிட்டு வைதார். பேர் சொல்லிச் சொல்லி, நீளமான ஷாட் என்றாலே அவன்தான் என்று நான் பழக்கியிருந்தேன். நான் போய் என் வேலை என்று சொன்னேன். ஆனால் வைது முடித்த பிறகுதான் சொன்னேன். பேர் சொல்வது சரியா, பொதுவாக விட்டுவிடுவதுதான் நல்லதா என்று அன்றிலிருந்து எனக்குத் தெளிவில்லை. ஒரு வேலையில் எல்லாருடைய கையும் கலந்துதான் இருக்கும், பிரித்துப் பார்க்கக்கூடாது என்று சில நாள் நினைக்கிறேன். அப்படி நினைக்கிற நாளெல்லாம் பேர் என் பக்கம் இருக்கிற நாளாகவே இருக்கிறது.

யூட்யூபில் ஏற்றின வீடியோவை அதே லிங்கில் மாற்றிப் போட முடியாது. ஆனால் கீழே விவரம் எழுதுகிற இடத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். நாலைந்து தடவை திறந்து அந்த ஷாட் யார் சொன்னது என்று எழுதினேன். எழுதினதைப் படித்தால், மூன்று வருஷம் கழித்து நான் பெருந்தன்மை காட்டுவது மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

அவன் இப்போது மாமா கடையைத்தான் பார்த்துக்கொள்கிறான். போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குப் பூ ஷாட் எடுக்க மாட்டுத்தாவணி போனபோது பார்த்தேன். டீ சொன்னான். கேட்டுவிடுவது என்று, "அன்னைக்கு வைவால நான் ஒண்ணு சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"எது, அந்தப் பூவா? பனிக்குப் பூ வரத்தே இல்லாத நேரம்டா அது. கிலோ ரெண்டாயிரத்துக்கு மேல" என்றான். தராசில் யாருக்கோ பூ போட்டுக்கொண்டே சொன்னான், முகத்தைப் பார்க்க முடியவில்லை. விலைதான் அவனுக்கு நினைவிருந்ததா, நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்து வேறு பக்கம் திருப்பினானா, எனக்குத் தெரியவில்லை. அதற்குமேல் கேட்கவில்லை. போகும்போது வாழையிலையில் கொஞ்சம் மொட்டு கட்டிக் கொடுத்தான். "சாயங்காலம் வரைக்கும் பிரிக்காத" என்றான்.

வீட்டுக்கு வந்து அந்தப் புராஜெக்ட் கணக்கைத் தேடி எடுத்தேன். வாட்ஸப் குரூப்பில் இன்னும் இருக்கிறது, எழுதினவன் இயக்குநர். தையல் கூலி, துணி, ஸ்பீக்கர் வாடகை, ஆட்டோ, இரண்டு நாள் சாப்பாடு, பெட்ரோல், கடைசியில் மொத்தத்தை ஐந்தால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறது. அவனும் தன் பங்கை அனுப்பியிருக்கிறான். மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். பூவுக்கு ஒரு வரி இல்லை.