கைகளை வெளியே வைத்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகள்

"பிழை ஒன்றும் செய்யாவிட்டால் பொலிஸுக்கு ஏன் பயப்பட வேணும்?" இங்கிலாந்தில் எங்கள் தமிழ் ஆட்கள் கூடுகிற இடங்களில், அது வீடாக இருக்கட்டும் கோயில் மண்டபமாக இருக்கட்டும், இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெடியனைத் தெருவில் மறித்துச் சோதிக்கிற காட்சி போனால் போதும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சொல்பவர்கள் மோசமானவர்கள் இல்லை, என்னுடைய சொந்தக்காரர்கள்தான், மற்றவருக்கு ஓடிப்போய் உதவி செய்கிறவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வி தவறு. எவ்வளவு தவறு என்பதைச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வசனத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். தெருவில் ஒருவரை நிறுத்திச் சோதிக்க வேண்டுமென்றால், அவரிடம் கத்தியோ போதைப்பொருளோ திருட்டுச் சாமானோ இருக்கிறது என்று சந்தேகப்பட நியாயமான காரணம் பொலிஸ்காரரிடம் இருக்க வேண்டும். பொலிஸின் அதிகாரங்கள் பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த விதிகள் தோலின் நிறத்தை ஒரு காரணமாக ஏற்கவே ஏற்காது என்று தெளிவாகச் சொல்கின்றன. இது போதாதென்று 1994இல் வந்த இன்னொரு சட்டத்தில் 60ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வன்முறை நடக்கலாம் என்று ஒரு மேலதிகாரி கையெழுத்துப் போட்டால், அந்தப் பகுதிக்குள் 24 மணி நேரத்துக்கு யாரையும் எந்தச் சந்தேகமும் இல்லாமலே சோதிக்கலாம். அந்தப் "யாரையும்" நடைமுறையில் யாராக மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மார்ச்சோடு முடிந்த ஆண்டில், மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால், வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர்கள் ஏழு மடங்கு அதிகமாகச் சோதிக்கப்பட்டார்கள். இரண்டு வருடத்தில் அது நான்கு மடங்கு அளவுக்கு இறங்கியது, இறங்கியும் நான்கு மடங்கு. இந்தச் சோதனைகளில் பத்துக்கு ஏழு அளவில் மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் இல்லாமல் முடிகின்றன. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்து தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடந்த மார்ச் முதல் மே வரையான மூன்று மாதங்களில், லண்டனில் மட்டும் 15 முதல் 24 வயதுக் கறுப்பின இளைஞர்கள் 20,000 தடவைக்கு மேல் சோதிக்கப்பட்டார்கள். அந்த நகரத்தில் அந்த வயதில் இருந்தவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்ட எண்ணிக்கை அது. சிலரைத் திரும்பத் திரும்ப நிறுத்தியிருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பத்துக்கு எட்டுக்கு மேல் மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் இல்லாமலே முடிந்தன.

ஆகவே பிழை செய்யாதவர்கள்தான் பெரும்பாலும் நிறுத்தப்படுகிறார்கள்.

என்னுடைய மகனுக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான், சின்ன வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள், கறுப்பினக் குடும்பம், தாய் இரவு வேலைக்குப் போகிறவர். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே பள்ளிக்கூடச் சீருடை, ஒரே மாதிரிப் புத்தகப் பை. ஒரு பின்னேரம் இருவரும் நடந்து வரும்போது பொலிஸ் வண்டி வந்து நின்றது. சிநேகிதனை மட்டும் சுவரோரமாக நிற்கச் சொல்லிச் சோதித்தார்கள், என் மகனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். "இந்தப் பக்கம் கத்தியோடு ஒருவன் திரிகிறானாம், அடையாளம் பொருந்துகிறது" என்பதுதான் சொன்ன காரணம். எந்த அடையாளம் என்று சொல்லவில்லை. என் மகன் வீட்டுக்கு வந்து கொதித்துப்போய்க் கத்தினான். அந்தப் பிள்ளையோ அமைதியாக இருந்தான். "பரவாயில்லை அன்ரி, எனக்கு இது வழமைதான்" என்றான். அன்றைக்கு எனக்குப் பயத்தைத் தந்தது அந்த அமைதிதான்.

பிறகு அவனுடைய தாயோடு கதைத்தேன். பத்து வயதிலேயே பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பொலிஸைக் கண்டால் ஓடாதே. கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்காதே. தொப்பியைத் தலையில் இழுத்து மூடாதே. கடையில் எதை வாங்கினாலும் ரசீதை எறியாதே. அவர்கள் எப்படிக் கதைத்தாலும் நீ குரலை உயர்த்தாதே. "உங்கள் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். நான் தெருவைக் கடக்கும்போது வாகனம் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள்.

இது புதிதாக முளைத்த பிரச்சினை இல்லை. 1824இல் எழுதிய நாடோடிகள் சட்டத்தில் ஒரு பிரிவை வைத்துக்கொண்டு 1970களில் கறுப்பின இளைஞர்களைச் சும்மா சந்தேகத்தின் பெயரில் பிடித்தார்கள். 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் சாதாரண உடையில் இறங்கிய பொலிஸார் சில நாட்களில் 943 பேரை மறித்தார்கள், அதைத் தொடர்ந்து அந்த இடமே பற்றி எரிந்தது. அந்த ஆண்டே அந்தப் பழைய பிரிவை நீக்கினார்கள். பழக்கம் அப்படியே நின்றது.

ஸ்டீபன் லாரன்ஸின் பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். 1993 ஏப்ரல் 22 இரவு, லண்டன் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற 18 வயதுக் கறுப்பினப் பிள்ளையை வெள்ளையின இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. ஆனால் அவனோடு நின்ற டுவேன் புரூக்ஸைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைத்து நான் கேட்டதில்லை. அவருக்கும் அப்போது 18 வயது. நண்பன் இரத்தம் ஒழுக ஓடி விழுந்ததைப் பார்த்தவர், தொலைபேசிக் கூண்டுக்குள் போய் அம்புலன்ஸை அழைத்தவர், தன்னையும் கொன்றிருப்பார்கள் என்ற நடுக்கத்தில் நின்றவர். வந்த பொலிஸார் விழுந்து கிடந்த பிள்ளைக்கு முதலுதவி செய்யவில்லை. புரூக்ஸைப் பாதிக்கப்பட்டவராக நடத்தவில்லை. பதற்றத்தில் கத்துகிற ஒரு கறுப்பினப் பெடியன், அவ்வளவுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. யார் குத்தினார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று சொல்லக்கூடிய முக்கிய சாட்சி பக்கத்தில் நின்றார், அவர் சொன்னதை ஒழுங்காகக் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் கைது. சில வாரங்களில் நடந்த இனவாத எதிர்ப்பு ஊர்வலம் ஒன்றில் நடந்த கலவரம் தொடர்பாக புரூக்ஸ் மேலேயே வழக்குப் போட்டார்கள், நீதிபதி அதை நிறுத்தினார்.

ஸ்டீபனின் கொலையைப் பொலிஸ் கையாண்ட விதத்தை ஆராய்ந்த மக்ஃபர்சன் விசாரணை அறிக்கை 1999இல் வந்தது. லண்டன் பெருநகரப் பொலிஸுக்குள் இனவாதம் நிறுவனரீதியாகவே ஊறியிருக்கிறது என்று எழுதியது, புரூக்ஸ் நடத்தப்பட்ட விதத்தையும் பதிவு செய்தது. கொலையாளிகளில் இருவர் தண்டிக்கப்பட்டது 2012இல், ஸ்டீபன் இறந்து கிட்டத்தட்ட 19 வருடம் கழித்து. நான் இந்தக் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சந்தேகக் கண்ணோடு பார்க்கப் பழகியவர்களுக்கு, ஒரு கறுப்பினப் பிள்ளை உதவி கேட்டு நிற்கும்போதும் அதே கண்தான் வேலை செய்கிறது.

பெண் பிள்ளைகள் தப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2020 டிசம்பரில் கிழக்கு லண்டன் ஹக்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடம் கஞ்சா மணக்கிறது என்று ஆசிரியர்கள் சந்தேகப்பட்டு, பையைத் தேடி ஒன்றும் கிடைக்காமல், பொலிஸைக் கூப்பிட்டார்கள். இரண்டு பெண் பொலிஸார் ஓர் அறையில் வைத்து அவளுடைய உடுப்பைக் களைந்து சோதித்தார்கள். மாதவிடாய் நாள் என்று தெரிந்தும் செய்தார்கள். சட்டப்படி கூட இருக்க வேண்டிய பெரியவர் யாரும் அறைக்குள் இல்லை, தாய்க்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பிப் போய்ப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். 2022இல் வெளியான சிறுவர் பாதுகாப்பு மீளாய்வு அறிக்கை, இனவாதம் இதில் பங்கு வகித்திருக்கக்கூடும் என்று சொன்னது. 2025இல் ஒழுக்காற்று விசாரணையில் சம்பந்தப்பட்ட பொலிஸாரில் இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், ஆனால் அவளுடைய இனம் காரணம் என்பதை அந்தக் குழு ஏற்கவில்லை. நான் அந்த முடிவைப் படித்தேன், என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் இது ஒரு சிறுமியோடு நின்ற விஷயம் இல்லை. குழந்தைகளுக்கான ஆணையர் கணக்கெடுத்தபோது 2018 முதல் 2020 வரை லண்டனில் 650 சிறுவர் சிறுமியர் இப்படி உடுப்புக் களைந்து சோதிக்கப்பட்டது தெரியவந்தது. அதில் ஆண் பிள்ளைகளில் 58 வீதம் கறுப்பினத்தவர்.

அந்த மீளாய்வு அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கறுப்பினப் பிள்ளைகளைப் பெரியவர்கள் அவர்களுடைய வயதைவிடக் கூடிய வயதுக்காரர்களாகப் பார்க்கிறார்கள், அதனால் பிள்ளை என்கிற பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் 2014இல் விளையாட்டுத் துப்பாக்கியோடு பூங்காவில் நின்ற 12 வயது தமீர் ரைஸைப் பொலிஸ் வண்டி வந்து நின்ற சில நொடிகளில் சுட்டார்கள். சுட்டபிறகு வானொலியில் அவனுக்கு 20 வயது இருக்கும் என்று அறிவித்தார்கள்.

சரி, இதெல்லாம் பிள்ளைகளின் மனதில் என்ன செய்கிறது? இதில் அமெரிக்க ஆய்வுகள் தெளிவாக இருக்கின்றன. 2019இல் வெளியான ஓர் ஆய்வு கறுப்பின, லத்தீன் இனப் பதின்வயதுப் பெடியன்களைத் தொடர்ந்து கவனித்தது. பொலிஸ் நிறுத்திய பிள்ளைகள் அதற்குப் பிறகான மாதங்களில்தான் அதிகமாகத் தவறான வழிக்குப் போனார்கள், முன்பு தவறு செய்தவர்களா இல்லையா என்பது அதில் வித்தியாசம் காட்டவில்லை. நிறுத்தலையும் தவறான வழியையும் இணைத்தது மன உளைச்சல். அதே ஆண்டு நியூயோர்க்கைப் பற்றி வந்த இன்னோர் ஆய்வு, பொலிஸாரைக் கொண்டுவந்து குவித்த பகுதிகளில் கறுப்பின ஆண் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் இறங்கியதைக் காட்டியது. நித்திரை கெடுகிறது, கவனம் சிதறுகிறது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையே பயமாகிறது. குற்றத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லிச் செய்கிற காரியம் பிள்ளைகளைக் குற்றத்தின் பக்கம் தள்ளுகிறது.

கத்திக்குத்துக்குச் சாவதும் கறுப்பினப் பிள்ளைகள்தானே, சோதிக்காமல் எப்படி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமான கவலை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்டால் நான் தலைகுனிந்து கேட்பேன். ஆனால் பதில் இருக்கிறது. லண்டனில் 2008க்குப் பிறகு கத்திச் சோதனைகளைப் பெருமளவு கூட்டினார்கள், பிரிட்டிஷ் உள்துறை அமைச்சே 2016இல் ஆராய்ந்து பார்த்தபோது அதனால் குற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை. நியூயோர்க்கில் 2011இல் 6,85,000க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன, 2013இல் நீதிமன்றம் அந்த முறை அரசியலமைப்புக்கு முரண் என்றது, எண்ணிக்கை சில வருடங்களில் 25,000க்குக் கீழே விழுந்தது. நகரம் நாசமாகப் போகும் என்றார்கள். 2011இல் 515 ஆக இருந்த கொலைகள் 2017இல் 300க்குக் கீழே வந்தன. கொலையாளியைப் பிடிக்கச் சாட்சி வேண்டும், சாட்சி சொல்லப் பொலிஸ் மேல் நம்பிக்கை வேண்டும். பதினான்கு வயதில் சுவரோரம் நிறுத்திவைத்த பிள்ளையிடம் பதினெட்டு வயதில் வந்து வாய் திற என்றால் எப்படித் திறப்பான்?

பட்டியல் போடுவதும் நடந்தது. குற்றக் கும்பல்களோடு தொடர்புள்ளவர்கள் என்று சந்தேகித்தவர்களை வைத்து லண்டன் பொலிஸ் 2012இல் தொடங்கிய பட்டியலில் இருந்தவர்களில் 78 வீதம் கறுப்பினத்தவர் என்று 2018இல் மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி வெளிப்படுத்தியது. ஆனால் கடுமையான இளைஞர் வன்முறையில் ஈடுபட்டவர்களில் அவர்கள் 27 வீதம்தான். 2024இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டார்கள். 2023இல் லண்டன் பொலிஸை ஆராய்ந்த லூயிஸ் கேசி தன் அறிக்கையில் மக்ஃபர்சன் சொன்ன அதே நிறுவனரீதியான இனவாதத்தை மறுபடி எழுதினார், பொலிஸ் ஆணையர் மார்க் ரௌலி அறிக்கையின் கண்டுபிடிப்புகளை ஏற்றுக்கொண்டு "நிறுவனரீதியான" என்ற வார்த்தையை மட்டும் மறுத்தார். 24 வருட இடைவெளி.

எங்கள் தலைமுறைக்கு இது தெரியாத விஷயமா? கொழும்பில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற பெடியன்களுக்குப் பெயரும் பிறந்த ஊரும் போதும், பிழை எதுவும் செய்திருக்கத் தேவையில்லை. அங்கிருந்து ஓடிவந்தவர்களின் வாயிலிருந்து மேலே எழுதிய கேள்வி வரும்போது எனக்கு வலிக்கிறது. எங்கள் வீடுகளுக்குள் கறுப்பின மக்களைப் பற்றி எவ்வளவு கேவலமாகக் கதைக்கிறோம் என்பதும் எங்கள் பிள்ளைகளின் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இப்போது என் மகனுக்கும் சில விஷயம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிநேகிதனைச் சோதித்தால் நீ அந்த இடத்தை விட்டுப் போகாதே. அவர்கள் வேலையைத் தடுக்காமல் தள்ளி நின்று போனில் படம் எடு, பொது இடத்தில் அதற்குத் தடை இல்லை. என்ன காரணத்துக்காகச் சோதிக்கிறீர்கள், எந்தச் சட்டப்படி, உங்கள் பெயர் என்ன, எந்த நிலையம் என்று மரியாதையாகக் கேள். சோதனைக்காக நிறுத்தினால் மட்டும் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது சிநேகிதனுக்குத் தெரிந்திருக்கட்டும். சோதனைப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கச் சொல், அன்றைக்குத் தராவிட்டால் மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் அவனுடைய அம்மாவுக்கு முதலில் போன் பண்ணு.